பதினோரு செடி

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால்
எமரால்டில் யாரும் நட்சத்திரம் பார்ப்பதில்லை.
பனி விழும் என்று அர்த்தம்.
தீயில்லாமல் தேயிலையைக் கருக்கும் வெள்ளைப் பனி.

என் இளஞ்செடிகளுக்கு மாலையே தாகை போர்த்திவிட்டேன்.
மேட்டுச் சரிவில் தானாய் மண்டிக் கிடக்கும் தாகை,
அறுக்க அறுக்க விரலைக் கிழிக்கும்.
செடிக்கு ஒரு குல்லாய்.
பிறகு குளித்து, சால்வை போட்டு
கூட்ட ஜெபத்துக்குப் போனேன்.

கிருபையினால்தான் எல்லாம், என்றார் போதகர் ஞானதுரை.
நாம் செய்தது எதுவும் அங்கே எண்ணப்படுவதில்லை.
முடிந்ததும் கட்டட நிதிக்கு ஐந்நூறு கொடுத்தேன்.
எண்ணி வாங்கி ரசீது எழுதினார் பொருளாளர்:
திருமதி தபித்தாள் மாசிலாமணி, ரூபாய் ஐந்நூறு மட்டும்.
அந்த 'மட்டும்' வழியெல்லாம் கூடவே வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் போஜனின் செடிகள்
மொட்டைத் தலையோடு நின்றன.
அவர் ஊட்டி ஆஸ்பத்திரியில், நெஞ்சில் நீர்.
மனைவியும் அங்கேதான்.
போன கோடையில் என் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டு
பன்றி கடித்தது என்று சொன்ன போஜன்.

கட்டிலருகே முழங்காலிட்டேன்.
கர்த்தாவே, அவர் செடிகளைக் காப்பாற்றும்.
மனதாரத்தான் சொன்னேன்.
ஆமென் சொல்லிக் கம்பளிக்குள் கால் நீட்டினால்
தூக்கம் வரவில்லை.
தகரக் கூரை குளிரில் சுருங்கி
டிக்கென்றது,
சொன்னவளிடமே திருப்பிக் கேட்கிற மாதிரி.

இரண்டு மணிக்கு டார்ச்சும் அரிவாளும்.
அன்பு ஒன்றும் பொங்கவில்லை, பொய் சொல்வானேன்.
திட்டிக்கொண்டேதான் அறுத்தேன்,
அவரை, அந்தக் குழாயை, ஆஸ்பத்திரியை,
கொஞ்சம் உம்மையும்.
விரல் மரத்துப்போய்
ரத்தம் வந்ததே விடிந்துதான் தெரிந்தது.
இதை எழுதி வையும் என்று
ஒருமுறை அண்ணாந்து சொன்னேன்.
இதற்கு எனக்கு ரசீது வேண்டும்.

நூறாவது செடியோ என்னவோ,
கட்டை அவிழ்த்துப் போடும்போது தோன்றியது:
இந்தத் தாகையை நான் விதைக்கவில்லை.
யாருமே விதைக்கவில்லை. தண்ணீர் விட்டவர் இல்லை,
பட்டா இல்லை, வேலி இல்லை.
மலை முழுக்கக் கிடக்கிறது
போஜனுக்கும் எனக்கும், கேட்காமலே.
கிடந்து என்ன,
அது தானாய் நடந்து வந்து
ஒரு செடி மேலும் படுப்பதில்லை.

இதில் என்னுடையது எவ்வளவு?
மேட்டிலிருந்து வேலி வரை, இருபதடி.
அந்த இருபதடிக்குக்
கால் கொடுத்தவரிடமா ரசீது கேட்பது?

கீழ் வரிசையில் பதினோரு செடி மிச்சம்.
கை மடங்கவில்லை.
அவற்றுக்காக ஜெபித்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் பள்ளத்தாக்கு உப்புப் பாத்தி.
போர்த்திய தாகை வெளுத்து நொறுங்கியது;
தூக்கினால் உள்ளே பச்சை.
பதினொன்றும் காப்பித்தூள் நிறம்.

எட்டாம் நாள் போஜன் வந்தார், மஃப்ளரும் மருந்துப் பையுமாக.
வேலியோரம் நின்று எண்ணினார். எண்ணக்கூடியவர்தான்.
"அந்தப் பதினொன்று?"
"அதுகளுக்கு ஜெபம் மட்டும் பண்ணினேன்."
அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
குழாயைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பங்குனியில் ஒரு மழை.
கருகிய பதினொன்றில் நான்கு
அடித்தண்டிலிருந்து துளிர்த்திருந்தன,
யாரும் போர்த்தாமல், யாரும் திட்டாமல்.

வேலியில் சாய்ந்து ரொம்ப நேரம் நின்றேன்.
இந்த நான்கையும் யார் பேரில் எழுதுவது, கர்த்தாவே?

போஜன் இன்னும் பார்க்கவில்லை.